6,000 லிட்டர் சம்ப்பும் என் மகளின் 0 மதிப்பெண்ணும்

ஒன்பதாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்குக் கணக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்த ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் வடசென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கும் கொத்தனார். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கமெல்லாம் 22 வருஷமாகச் சம்ப், அதாவது தரைக்கடியில் தண்ணித் தொட்டி, கட்டுகிறேன். நீங்கள் போட்ட அந்த 5 மதிப்பெண் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். குழியின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர். அதற்குள் செங்கல் சுவர் வைத்துக் கட்டிய தொட்டி 6,000 லிட்டர் கொள்ளும். ஆழம் என்ன? உங்கள் விடை 1.2 மீட்டர். 6,000 லிட்டர் என்பது 6 கன மீட்டர், அதை 5-ஆல் வகுத்திருக்கிறீர்கள். சரி, சுவர் எங்கே போனது?

என் மகள் சுவரை விடவில்லை. லீவு நாளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்துப் பழகியவள் அவள். 9 அங்குலச் சுவர் என்றால் 23 செ.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 46 கழியும். உள்ளே மிஞ்சுவது 2.04-க்கு 1.54. பெருக்கினால் 3.1416. 6-ஐ அதால் வகுத்து 1.91 மீட்டர் என்று எழுதியிருக்கிறாள். அந்த 3.1416-ஐ வட்டக் கணக்கில் வரும் பை (π) என்று நினைத்துச் சிவப்பு மையில் சுழித்து, ‘செவ்வகத்தில் பை எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டு 0 போட்டிருக்கிறார்கள். பையும் இல்லை, கையும் இல்லை ஐயா. பெருக்கினால் அப்படித்தான் வருகிறது, நீங்களே போட்டுப் பாருங்கள். திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்த குறிப்பில் இருந்தது ஒரே விடைதானே.

உங்கள் 1.2 மீட்டரை நம்பி நான் கட்டினால் அந்தச் சம்ப் 3,770 லிட்டர்தான் பிடிக்கும். 6,000 லிட்டர் லாரி வந்து ஓஸை உள்ளே விட்டால் மிச்சம் 2,230 லிட்டர் தெருவில் ஓடும். ஒரு குடம் தண்ணிக்குச் சண்டை நடக்கிற தெரு அது. வீட்டுக்காரர் என்னைச் சும்மா விடுவாரா? தளம் போட்ட பிறகு ஆழத்தைக் கூட்ட முடியாது. உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும், கூலி என் பாக்கெட்டிலிருந்து போகும். உண்மையில் 1.91-ம் எனக்குப் போதாது, மிதவை வால்வுக்கு மேலே அரை அடியாவது காலி விடுவேன். அதிலும் கடலோரம் என்றால் கொஞ்சம் தோண்டியதுமே தண்ணி ஊறி மணல் சரியும். அங்கே ஆழத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் நீளம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம்.

நான் கேட்பது ஒன்றுதான். கொடுத்த அளவு உள் அளவா வெளி அளவா, சுவரின் தடிமன் எவ்வளவு என்று கேள்வியிலேயே அச்சிடுங்கள்.

அடுத்த வருஷம் அரைக்கோளத்தின் மேல் கூம்பு ஒட்டிய பொம்மைக்கு இவள் கன அளவு காண வேண்டுமாம். அப்படி ஒரு பொம்மையை எம்.சி. ரோடு முழுக்கத் தேடினாலும் வாங்க முடியாது. காசிமேட்டு ஐஸ் பெட்டியை ஒரு நாள் திறந்து பாருங்கள். வெளியே பெரிய பெட்டி, உள்ளே தெர்மோகோல் போக மீனுக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். மீன் வாங்க வரும் பாட்டிக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும். கணக்குப் படித்த உங்களுக்கு... சரி, வேண்டாம். கோபத்தில் எழுத வரவில்லை.

தயவுசெய்து உள் அளவா வெளி அளவா என்று எழுதுங்கள். எழுத மறந்துபோனால், காரணம் காட்டிப் போட்ட படிகளுக்காவது மதிப்பெண் கொடுக்கும்படி விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள். இந்தத் தாளையும் ஒருமுறை திரும்பப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்த விடைத்தாள் இன்னும் என் டிபன் பையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

இப்படிக்கு,
மாணவியின் அப்பா, ஒரு கொத்தனார்