சங்கங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் இளையோருக்குத் திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு, வணக்கம்.

பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, பாலத்து ஜாமைத் தாண்டி பட்டர்வொர்த் வந்து, எங்கள் மரண சகாய நிதியின் உறுப்பினர் பதிவேட்டைக் காசு வாங்காமல் கணினியில் ஏற்றித் தந்தீர்கள். அந்த நன்றி என்றும் உண்டு. தேதி விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை போட்டே ஆகவேண்டும்.

பிறந்த தேதியை 28/08/1968 என்று தட்டினால் சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது. கேட்டால், "மாதத்த முன்னால போடுங்க ஆன்ட்டி" என்கிறீர்கள். இந்த மலேசியாவில் யார் ஐயா மாதத்தை முன்னால் போடுகிறார்கள்?

போகட்டும், பிழை காட்டியதாவது கண்ணில் பட்டது. 28-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் டேட்டாபேஸ் துப்பிவிட்டது. 05/08/1968 என்று போட்டதை என்ன செய்தது தெரியுமா? சத்தமில்லாமல் மே 8 என்று விழுங்கிவிட்டது. நம் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தால் அப்படித்தான் படிக்கும். ஆக, நாள் 12-க்குள் இருக்கும் பதிவுகள் எல்லாமே சந்தேகக் கேஸ்தான், 07/07 மாதிரி இருப்பவை தவிர. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழைய பட்டியல் இன்னும் மோசம். 48 என்று போட்டால் வழக்கமான அமைப்பில் அது 1948 ஆகாது, 2048 ஆகிவிடும். இன்னும் பிறக்கவே பிறக்காதவருக்கு நாங்கள் மரண சகாய நிதி வசூலிக்கிறோம்!

திரையில் நாள்-மாதம்-ஆண்டு என்றே இருக்கட்டும். உள்ளே அனுப்பும்போது எழுத்துச் சரமாக ஒட்டி அனுப்பாமல், தேதி வகைப் பாராமீட்டராக, அதாவது இது தேதி என்று வகை குறித்த தனி மதிப்பாக அனுப்புங்கள். சரமாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் 19680805 என்று கோடில்லாமல் அனுப்புங்கள். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் (datetime) என்ற தேதி வகையில் 1968-08-05 கூட மொழி அமைப்பைப் பொறுத்து மே 8 ஆகிவிடும்.

ஏற்கெனவே கெட்டுப்போனதைப் பிடிக்க ஐசி (அடையாள அட்டை) எண் கையிலேயே இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள். 680805 என்று இருந்து, பதிவில் மே 8 என்றால் மாட்டிக்கொண்டது. பேக்கப் எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப்போட்டால் சரியாக இருப்பதும் கெட்டுவிடும். (அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.)

உறுப்பினராகச் சேர்ந்த தேதிக்கு இந்த வழி கிடையாது. உதவித்தொகை எப்போதிலிருந்து கிடைக்கும் என்பதோ அதை வைத்துத்தான். அதற்கு ரசீதுக் கட்டைகளைப் புரட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் வந்தால் போதும். நான் வாசிக்கிறேன், நீங்கள் திருத்துங்கள்.

அன்புடன்,
பொருளாளர் ஆன்ட்டி
பட்டர்வொர்த், பினாங்கு