கர்ப்பப்பை இருக்கிறதா, இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சை பற்றிய கட்டுரை, "புற்றுநோய் வரும்" என்று எல்லா மருந்துகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. இந்தப் பயத்தைக் கிளப்பியது 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு. அதில் கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் 0.625 மி.கி., கூடவே புரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோனான மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 2.5 மி.கி. பெண்களின் சராசரி வயது 63. ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தபோது அது அதிகரிக்கவில்லை. கட்டுரையில் இதைக் காணோம்.

கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் உட்சுவர் தடித்து, நாளடைவில் அங்கே புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன்: மாதம் 12 இரவுகள் 200 மி.கி., அல்லது தினமும் இரவு 100 மி.கி. பலர் சறுக்குவது இங்கேதான். ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவினால் உடம்புச் சூடும் வியர்வையும் அடங்குகின்றன, அதை விடுவதில்லை. புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ தூக்கக் கலக்கம் தருகிறது, 12 நாள் முறையில் மாதாமாதம் உதிரப்போக்கும் வருகிறது. அதனால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த உதிரப்போக்கு எதிர்பார்த்ததே. மருந்து எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். தினசரி முறையில் ஆறு மாதத்துக்குப் பிறகும் ரத்தம் பட்டால் ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும்.

ஜெல் ஒரு அழுத்துக்கு 0.75 மி.கி. எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை). கையிலோ தொடையிலோ தடவலாம், மார்பில் கூடாது. ஐந்து நிமிடம் காயவிட்டு, கைகழுவிய பிறகே பேரக்குழந்தையைத் தூக்க வேண்டும். தோல் வழியே போகும் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில் உள்ள ரத்தக்கட்டு ஆபத்து இதில் தென்படவில்லை.

பிறப்புறுப்பு வறட்சி மட்டும் என்றால் உள்ளே வைக்கும் எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜனில் இன்னொரு வகை) கிரீம் போதும்: இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. இதற்குப் புரோஜெஸ்டிரோன் தேவையில்லை.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், கல்லீரல் நோயோ காரணம் தெரியாத உதிரப்போக்கோ இருப்பவர்களுக்கும் ஜெல், மாத்திரை வேண்டாம். மற்றவர்கள் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குவதே நல்லது.

முப்பதுகளிலேயே சினைப்பைகளை இழந்தவர்களின் கணக்கு வேறு. தடை இல்லையென்றால், எலும்புக்காகவாவது ஐம்பது வயதுவரை இது தேவை. "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

— ஒரு மகளிர் நல மருத்துவர், மதுரை