மாமாவுக்கு: அந்த ரெண்டு சேலஞ்சை யார் கையில விடணும்

அன்புள்ள மாமா,

ஃபோன்ல நீங்க கேட்டது பேசி முடிக்கிற விஷயம் இல்ல, அதான் உக்காந்து எழுதுறேன், நம்மாளுங்கள்ல பேஸ்பால் பார்க்குற மத்தவங்களும் படிக்கட்டும்னு பொதுவுலயே போடுறேன். கிரிக்கெட்ல டிஆர்எஸ் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, பேஸ்பால்ல இப்பதான் வருதா, அதுவும் டீமுக்கு ரெண்டே ரெண்டுதானான்னு கேட்டீங்க. அவுட்டா சேஃபாங்கறதுக்கு 2014லயே ரீப்ளே விரிவா வந்தாச்சு மாமா. பேட்டர் அடிக்காம விட்ட பந்து கட்டத்துக்குள்ள (ஸ்ட்ரைக் ஜோன்) வந்தா ஸ்ட்ரைக், வெளிய போனா பால், மூணு ஸ்ட்ரைக்னா பேட்டர் அவுட், நாலு பால்னா சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். இந்த பால், ஸ்ட்ரைக் மட்டும் அம்பயர் சொன்னதுதான் முடிவுன்னு இருந்துச்சு, சண்டை போட்டா வெளிய அனுப்பிடுவாங்க. அந்த முடிவ கேமரா வச்சு சரிபார்க்கச் சொல்லிக் கேக்குற இந்த சேலஞ்ச, மைனர் லீக்ல (கீழ்மட்ட லீக்) பல வருஷம் ஓட்டிப் பார்த்துட்டு 2025 செப்டம்பர்லதான் ஒத்துக்கிட்டாங்க, 2026 சீசன்ல இருந்து மேஜர் லீக்ல அமலுக்கு வருது.

ரூல் சின்னதுதான். டீமுக்கு ரெண்டு சேலஞ்ச், ஜெயிச்சா அது உங்ககிட்டயே இருக்கும், தோத்தாதான் போகும். கேக்கக்கூடியவங்க மூணே பேர், பேட்டர், பிட்ச்சர் (பந்து எறியறவர்), கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னாடி உக்காந்து பிடிக்கிறவர்). கேப்டன்கிட்ட கேக்குறது, டக்அவுட்ல இருந்து சைகை காட்டுறது எதுவும் கிடையாது, பந்து வந்து அம்பயர் சொன்ன உடனே தொப்பியவோ ஹெல்மெட்டவோ தட்டணும். நம்ம கிரிக்கெட்ல 15 செகண்டு இருக்கும், பவுலரும் கீப்பரும் ஸ்லிப்ல நிக்கிறவரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பாங்க இல்ல, இங்க அந்த ஆளு தனியா, கண்ணுல பட்டத வச்சு, உடனே முடிவெடுக்கணும். கேமரா என்னவோ அதே ஹாக்-ஐ தான், ஆனா ‘அம்பயர்ஸ் கால்’ங்கிற சமாச்சாரமே கிடையாது, பந்தோட ஓரம் ஒரு நூலளவு கட்டத்த தொட்டாலும் ஸ்ட்ரைக்தான்.

அந்தக் கட்டத்த பத்தியும் சொல்லிடுறேன், இத புரிஞ்சுக்காம ஸ்ட்ராட்டஜி பேச முடியாது. பேட்டர் பக்கத்துல தரையில இருக்குற ஹோம் பிளேட்டோட அகலம்தான் கட்டத்துக்கும், 17 இன்ச். மேல் எல்லை பேட்டர் உயரத்துல 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம், ஆளுக்கு ஆள் அளந்து வச்சிருப்பாங்க. பிளேட்டோட நடுவுல பந்து எங்க இருக்குன்னுதான் பார்ப்பாங்க. அதனால வளைஞ்சு இறங்குற ஒரு கர்வ் பால் முன் ஓரத்துல கட்டத்த உரசிட்டு நடுவுக்கு வரும்போது கீழ இறங்கிட்டா அது பால். பிட்ச்சர் முன்னாடி இருந்து பார்க்கும்போது அது அட்டகாசமான ஸ்ட்ரைக் மாதிரியே தெரியும், நம்பி தொப்பிய தட்டுனா போச்சு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். நம்ம சியாட்டில் மரைனர்ஸ் டீம்ல இந்த ரெண்டு சேலஞ்சும், நம்ம ஃபீல்டிங் பண்ணும்போது, கேட்ச்சர் கால் ராலே கையில மட்டும்தான் இருக்கணும். பிட்ச்சர் ஒருத்தரும் தொப்பிய தொடவே கூடாது. 2025 ஸ்பிரிங் டிரெய்னிங்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி மேட்ச்கள்) சோதனையா ஓட்டினப்போ மொத்தமா 52 சதவீதம் சேலஞ்ச் ஜெயிச்சுது. அத பிரிச்சுப் பார்த்தா கேட்ச்சர்ங்க கேட்டது 56 சதவீதம், பேட்டர்ங்க 50, பிட்ச்சர்ங்க 41. காரணம் புரிஞ்சுக்க கஷ்டமே இல்ல, பிட்ச்சர் 60 அடி தள்ளி, எறிஞ்ச வேகத்துல உடம்பு சாஞ்சு நிக்கிறாரு, போட்டது நல்ல பந்துன்னு அவரு மனசு வேற சொல்லிட்டே இருக்கும். கேட்ச்சர் பந்து வந்து விழுற இடத்துலயே உக்காந்திருக்காரு.

ராலே இத செய்யறத ஏற்கனவே பார்த்தாச்சு. 2025 ஆல்-ஸ்டார் மேட்ச் (பல டீமோட நட்சத்திரங்க சேர்ந்து ஆடுறது), அட்லாண்டால, முதல் இன்னிங்ஸ். டெட்ராய்ட் பிட்ச்சர் ஸ்கூபல் எறியறாரு, மச்சாடோ பேட்டோட நிக்கிறாரு, கவுண்ட் 0-2 (முதல் எண் பால், ரெண்டாவது ஸ்ட்ரைக்). வேகம் குறைச்சு எறியற சேஞ்ச்-அப் பந்து கீழ வந்துச்சு, அம்பயர் பால்னு சொன்னாரு, ராலே யோசிக்கவே இல்ல, கை நேரா ஹெல்மெட்டுக்குப் போச்சு. பெரிய ஸ்க்ரீன்ல பந்து மெதுவா வந்து கட்டத்த தொடுது, மச்சாடோ அவுட். அந்த மேட்ச்ல மொத்தம் 5 சேலஞ்ச், அதுல 4 ஜெயிச்சுது.

எப்ப கேக்கறதுங்கறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. ஜெயிச்சா சேலஞ்ச் திரும்பிடும்ங்கறதால, நூத்துக்குத் தொண்ணூறு உறுதின்னா முதல் இன்னிங்ஸ் முதல் பந்துலயே கேக்கலாம், பெரிய நஷ்டம் இல்ல. ஆனா பாதிக்குப் பாதி சந்தேகம்னா முதல் ஆறு இன்னிங்ஸ்ல, பேஸ்ல ஆளே இல்லாதப்போ, 0-0 கவுண்ட்ல அத வீணடிக்கவே கூடாது, கோவத்துல தட்டுற பேட்டர பார்த்தா எனக்கு வயிறு எரியும். அதே பாதிக்குப் பாதி சந்தேகம், எட்டாவது இன்னிங்ஸ், பேஸ் மூணும் நிறைஞ்சிருக்கு, கவுண்ட் 3-2ன்னு வைங்க, கண்ண மூடிட்டு கேக்கணும், ஏன்னா அந்த ஒரு பந்து பால்னா எல்லாரும் ஒரு பேஸ் நகர்ந்து ஒரு ரன் உள்ள வரும், ஸ்ட்ரைக்னா பேட்டர் அவுட். 3-2 மட்டும் இல்ல, 1-1 பந்தும் அப்படித்தான், அது 1-2 ஆச்சுன்னா பேட்டர் மாட்டிக்கிட்டாரு, 2-1 ஆச்சுன்னா பிட்ச்சர் மாட்டிக்கிட்டாரு, பாதிப் பேரு இத கவனிக்கறதே இல்ல.

இன்னொன்னு இருக்கு மாமா, இத யாரும் பேசி நான் பார்க்கல. ஒன்பது இன்னிங்ஸ் முடிஞ்சும் சமமா இருந்து மேட்ச் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போச்சுன்னா, கையில ஒண்ணுமே இல்லாத டீமுக்கு அந்த இன்னிங்ஸ்க்கு ஒரு சேலஞ்ச் குடுப்பாங்க. அடுத்த இன்னிங்ஸ்க்கும் இல்லன்னா மறுபடி ஒண்ணு. அப்ப ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஸ்கோர் சமமா இருந்து உங்க கையில ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தா, அத பொத்தி வச்சு என்ன பிரயோஜனம்? தோத்தாலும் பத்தாவதுல ஒண்ணு வந்துடும், வச்சிருந்தாலும் பத்தாவதுல அதே ஒண்ணுதான். அதனால அங்க தாராளமா கேக்கலாம். பத்துக்கு மேல ஒவ்வொரு இன்னிங்ஸும் அதே கணக்குதான், அன்னன்னைக்கு வந்தத அன்னன்னைக்கே செலவழிச்சுடணும்.

இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு 2025 அக்டோபர் 10ஆம் தேதி மேட்ச்தான் ஞாபகம் வருது. டெட்ராய்ட் டைகர்ஸோட பிளேஆஃப் தொடர்ல கடைசி, அஞ்சாவது மேட்ச், தோத்த டீம் வீட்டுக்கு. ஸ்கூபல் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணாரு, நம்ம பசங்களால பேட்ல தொடவே முடியல. கார்பென்டர் ஹோம் ரன்ல அவங்க 2-1 முன்னாடி போக, ஏழாவதுல லியோ ரிவாஸ் அடிச்சு சமம் ஆக்கினாரு. அதுக்கப்புறம் எட்டுல இருந்து பதினாலு முடியற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரு ரன் கூட இல்ல. பதினஞ்சாவதுல பேஸ் நிறைஞ்சு போலாங்கோ அடிச்சாரு, கிராஃபோர்ட் ஓடி வந்து பிளேட்ட மிதிச்சாரு, 3-2. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ராலே முழுக்க உக்காந்து எழுந்து பிடிச்சாரு மாமா. அடுத்த சுத்துல டொராண்டோகிட்ட ஏழாவது மேட்ச்ல தோத்தது இன்னும் ஆறல, ஆனா அந்த ராத்திரிய யாரும் எங்ககிட்ட இருந்து புடுங்க முடியாது.

அன்னிக்கு இந்த ரூல் இல்ல. இருந்திருந்தா அந்த ரன் இல்லாத ஏழு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு 3-2 பந்து மாறியிருந்தாலே மேட்ச் அங்கயே முடிஞ்சிருக்கலாம், எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. முதல் மூணு இன்னிங்ஸ்லயே ரெண்டையும் எரிச்சுட்ட டீம் எட்டுலயும் ஒன்பதுலயும் கையக் கட்டிட்டு நின்னிருக்கும்.

முழுசா மெஷினையே போட்டுடலாமேன்னும் கேட்டீங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ராலே பந்த வாங்குற விதத்துலயே, கை ஆடாம மெல்ல உள்ள இழுத்து நிறுத்துற நேர்த்தியிலயே எத்தனையோ ஸ்ட்ரைக் கிடைக்குது, 2024ல அவருக்கு பிளாட்டினம் க்ளவ் (லீக்லயே சிறந்த ஃபீல்டருக்கான விருது) குடுத்தாங்கன்னா சும்மா இல்ல. மெஷின் எல்லா பந்தையும் பார்த்துச்சுன்னா அந்தக் கலைக்கு மதிப்பே போயிடும். சேலஞ்ச்னா ஒரு மேட்ச்ல போடுற 300 சொச்சம் பந்துல 2025 சோதனையில சராசரியா நாலு பந்துதான் மேல போச்சு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 14 செகண்டுல முடிஞ்சுது, மிச்சமெல்லாம் மனுஷனோட ஆட்டமாவே இருக்கு.

நம்ம மேனேஜர் டேன் வில்சனும் பழைய கேட்ச்சர்தான், அதனால எனக்கு நம்பிக்கை இருக்கு, பிட்ச்சர்ங்கள கூப்பிட்டு கைய தொப்பி பக்கமே கொண்டு போகாதீங்கன்னு சொல்லிடுவாருன்னு. பேட்டிங்ல யாரு கேக்கலாங்கறதுதான் எனக்கு இன்னும் குழப்பம், நம்ம பேட்டர் ஜூலியோ கீழ வர்ற பந்துல நிறைய கடுப்பாவாரு, அவருக்கு எத்தனாவது இன்னிங்ஸ்ல இருந்து அனுமதி குடுக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க? அத்தைய கேட்டதா சொல்லுங்க.

அன்புடன்,
உங்க மருமகன்