குட்டி யானைக்கு எஃப்.சி., என் காருக்கு என்.சி.டி.

கார்க், அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மழைதான் விட்டபாடில்லை.

"கார் வாங்கினியே, அங்க எஃப்.சி. எல்லாம் உண்டா?" என்று போனில் கேட்டீர்கள். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் பதில் சொல்லவில்லை. உண்டு அப்பா, வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கிற அதே மாதிரிச் சோதனைதான். என்.சி.டி. (நேஷனல் கார் டெஸ்ட்) என்று பேர். நம்மூரில் சொந்தக் காரை 15 வருஷம் யாரும் கேட்பதில்லை. இங்கே நாலு வயதானதும் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பத்து வயதானால் வருஷா வருஷம். என்னுடையது 11 வயசுக் கிழவி. சர்டிபிகேட் இல்லாமல் பிடிபட்டால் லைசென்ஸில் 3 பெனால்டி பாயின்ட் ஏறும்.

சோதனை என்னவோ அரை மணி, முக்கால் மணி வேலைதான். தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. நைட் டூட்டி இடைவேளையில், யாராவது கேன்சல் செய்த இடம் விழுகிறதா என்று தட்கல் டிக்கெட்டுக்குத் தட்டுகிற மாதிரி போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தார்களாம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் எடுத்தார்கள். நர்சுக்கு மட்டுமில்லை, பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் இங்கே தட்டுப்பாடு! கேட்டு 28 நாளுக்குள் தேதி தர முடியாவிட்டால் சோதனை இலவசம் என்று ஒரு விதியும் உண்டு.

ஆளைக் கூட்டினால் மட்டும் வரிசை குறையாது என்பது அங்கே போய் நின்றபோதுதான் புரிந்தது. வருகிற காரில் ஏறக்குறையப் பாதி முதல் தடவை தேறுவதில்லை. அவ்வளவும் 30 நாளுக்குள் திரும்ப வந்து நிற்கும். தேதி வாங்கிவிட்டு வராமலே இருக்கிறவர்கள் வேறு.

அந்தப் பாதியில் உங்கள் மகளும் ஒருத்தி. இடது பக்க பிரேக் லைட் எரியவில்லை. ஒரு பல்பு, அப்பா! கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடிய குறைக்கு மறுசோதனைக் காசு கிடையாது. ஆனால் ஒரு லீவு போச்சு.

எஃப்.சி.க்கு முந்தின ராத்திரி என்னை நம்ம குட்டி யானை வண்டியில் உட்கார வைத்து, "மிதி... விடு... மிதி" என்று பின்னால் நின்று பிரேக் லைட்டைப் பார்ப்பீர்களே. கால் எட்டாமல் சீட் நுனிக்குச் சரிந்து மிதிப்பேன். மறுசோதனைக்கு முன்னால் என்னோடு தங்கியிருக்கும் கோட்டயத்துப் பெண் மிதித்தாள். மழையில் குடையோடு நான் பின்னால். "போதுமா சேச்சி?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

கெடுவுக்கு 90 நாள் முன்னாலேயே காட்டலாமாம். அடுத்த வருஷத்துக்கு இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

குட்டி யானைக்கு எஃப்.சி. எப்போது? தம்பியை உட்கார வையுங்கள். போனை நோண்டாமல் மிதிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்