‘பாட்டில் அப்’ பாடமும் ‘இட்’ நிற்கும் இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ‘அப்’, ‘ஓவர்’ போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஆங்கிலத் தொடர்) பட்டியல்கள் கைமாறும். அவற்றில் ‘பாட்டில் அப் - சப்ரஸ்’ (அடக்குதல்) என்று ஒரு வரி இருக்கும். ஒரு மதிப்பெண்ணுக்கு அது போதும்; ஒரு வாக்கியம் எழுதத்தான் போதாது.

அந்த வரியை நம்பிய மாணவர், போலீசார் போராட்டத்தை அடக்கினார்கள் என்பதற்கும் ‘பாட்டில்டு அப் தி புரொடெஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார். சப்ரஸ் என்றால் போராட்டத்தையும் அடக்கலாம், இருமலையும் அடக்கலாம். மனிதர்களைப் பொறுத்தவரை பாட்டில் அப் பெரும்பாலும் உணர்ச்சிக்குத்தான்: ஆங்கர் (கோபம்), கிரீஃப் (துக்கம்), ஃபீலிங்ஸ் (உணர்வுகள்). அதிலும் நாள்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்திருப்பது. சட்டென்று கண்ணீரை அடக்கினால் ‘ஹோல்ட் பேக்’, தொண்டை அடைக்க அடக்கினால் ‘சோக் பேக்’. ‘கோபத்தை அடக்கிக்கொண்டார்’ என்று நாம் பாராட்டாகச் சொல்வதற்கு ‘கண்ட்ரோல்டு ஹிஸ் ஆங்கர்’ சரி. ‘மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குகிறார்’ என்பதுதான் பாட்டில் அப். அதில் இது நல்லதுக்கில்லை என்ற கவலையும் சேர்ந்திருக்கிறது.

அதிகம் சறுக்கும் இடம் ‘இட்’. ‘பாட்டில் அப் யுவர் ஆங்கர்’, ‘பாட்டில் யுவர் ஆங்கர் அப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான்: ‘டோண்ட் பாட்டில் இட் அப்’. ‘பாட்டில் அப் இட்’ தவறு. பேசும்போது அழுத்தம் ‘அப்’ மேல் விழ வேண்டும். உணர்ச்சியை விவரிக்கும் சொற்கள் நீண்டுபோனால் நடுவில் திணிக்காமல் ‘அப்’புக்குப் பின்னால் வைப்பதே நல்லது.

இதற்குத் தாய்மொழியின் மேல் பழி போடுவது வழக்கம். ஓசூர், தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் செயப்படுபொருள் வினைக்கு முன்னால்தான் வரும். ‘அப் இட்’ என்ற வரிசையை அவை கற்றுத் தரவில்லை. இரண்டு சொல்லையும் ஒட்டி ஒரே சொல்போல மனப்பாடம் செய்வதால் வரும் பிழை இது. நடுவில் பிரிக்கலாம் என்றே மாணவருக்குத் தெரிவதில்லை.

எனவே நோட்டில் ‘பாட்டில் சம்திங் அப்’ என்று எழுதச் சொல்லலாம். பக்கத்திலேயே ‘கெட் ஓவர் சம்திங்’ இருக்கட்டும். துக்கத்திலிருந்து மீள்வதைச் சொல்லும் இது பிரியாது. ‘கெட் ஓவர் இட்’ என்றே வரும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து, முதலில் பெயர்ச்சொல்லோடும் பிறகு ‘இட்’ போட்டும் வாய்விட்டுச் சொல்ல வைத்தால் வேறுபாடு பதியும். ‘பாட்டில்டு-அப் ஆங்கர்’ என்று பெயரடையாக வருவதை மூன்றாவதாகச் சேர்த்தால் போதும்.

தங்கள் நாளிதழில் மாதிரி வினாத்தாள் வெளியிடும்போது, ஃப்ரேசல் வெர்ப் விடைகளில் ‘சம்திங்’ நிற்கும் இடத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

- ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.