ரவிக்கு, ரொறன்ரோவின் பேஸ்போல் அணி ப்ளூ ஜேய்ஸ் பற்றி

ஸ்காபரோ
16 கார்த்திகை 2025

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குத் தையில் கலியாணம் என்று வாசித்ததும் மனிசி உடனே நாள்காட்டியை எடுத்துவிட்டாள். எப்படியும் வரத்தான் பார்க்கிறோம். ரிக்கற் விலைதான் பயமாய்க் கிடக்கு. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். இஞ்சை எல்லாரும் சுகம். சின்னவன் இப்ப வாட்டர்லூவில் படிக்கிறான், சனி ஞாயிறில் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வருவான்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "ப்ளூ ஜேய்ஸ் வேள்ட் சீரிஸின் கடைசி ஆட்டத்தில் கோட்டை விட்டுதாமே, அணியை நடத்துகிற மேலிடத்தின் பிழையோ?" அதுக்குப் போனில் பதில் சொல்ல ஏலாது மச்சான். ஆறுதலாக எழுதினால்தான் சரி.

நீ இஞ்சை இருந்தது ஜெனரல் மனேஜர் பற் கில்லிக்கும் மனேஜர் சீற்றோ காஸ்ரனும் அணியை நடத்தின காலம். 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு முறை, சம்பியனை முடிவுசெய்கிற வேள்ட் சீரிஸை வென்றோம். ஜோ காற்றரின் ஹோம் ரன்னோடு ஊரே தெருவுக்கு இறங்கினதைக் கண்டவன் நீ. அதன் பிறகு வந்த வறட்சி உனக்குத் தெரியாது. 2000-இல் ரொஜர்ஸ் கொம்பனி அணியை வாங்கியது. 2005-இல் அணியின் மைதானமான ஸ்கைடோமுக்கும் தன் பெயரையே வைத்தது. நான் இன்றைக்கும் ஸ்கைடோம் என்றுதான் சொல்கிறேன். 2015-இல் ஒருமுறை உயிர் வந்தது. அந்த அணியைக் கட்டின அலெக்ஸ் அந்தோபுலோஸ் மொன்றியல் பெடியன். சனத்துக்கு அவர் மேல் உயிர். அதே வருசக் கடைசியில் அவர் விலகிப் போனார். கிளீவ்லண்டில் இருந்து மார்க் ஷபிரோ தலைவராக வந்தார். அவர் ரொஸ் அற்கின்ஸை, ஆட்களை எடுக்கிற விடுகிற ஜெனரல் மனேஜராகக் கொண்டுவந்தார். பத்து வருசமாக இந்த இரண்டு பேரையும் திட்டாத ரசிகனை ரொறன்ரோவில் காண்பது கஷ்டம். நானும் நிறையத் திட்டினவன்தான், அதில் முக்கால்வாசி நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 2023 ஒக்ரோபர் 4, மினியாபொலிஸ். பிளேஓஃப் முதல் சுற்று, தோற்றால் வீட்டுக்கு. ஹோசே பெரியோஸ் பந்து வீசுகிறார். மினசோட்டா அவருடைய பழைய அணி, அந்த மைதானத்தில் வளர்ந்தவர். மூன்று இன்னிங்ஸ், ஓட்டமே இல்லை, பந்து கத்தி மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. நாலாவது இன்னிங்ஸில் முதல் ஆளுக்கு ஒரு வோக் கொடுத்தார், அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக விட்டார், அவ்வளவுதான். களத்தில் அணியை நடத்துகிற மனேஜர் ஜோன் ஷ்னைடர் எழும்பி வந்து பந்தை வாங்கிவிட்டார். 47 பந்து மட்டும் வீசியிருந்த ஆள்! இடதுகைக்காரர் கிக்குச்சி வந்தார், இரண்டு ஓட்டம் போனது, ஆட்டம் 2–0, சீசன் முடிந்தது. எங்கள் ஆட்டக்காரன் விற் மெரிஃபீல்ட் பத்திரிகைக்காரருக்கு முன்னாலேயே தனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னார். அது மனேஜரின் முடிவு என்று அற்கின்ஸ் பிறகு விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம்தான் எனக்கு ஆட்டத்தை விடக் கூடக் கோபம் தந்தது. நல்லாய்ப் போனால் எல்லாரும் சேர்ந்து போட்ட திட்டம், பிழைத்தால் ஒருத்தர் தலையிலா?

பிழை கணக்கில் இல்லை, ரவி. எல்லா அணியும் இப்ப கணக்குப் பார்த்துத்தான் ஆடுகிறது. கண் முன்னால் நடக்கிறதை நம்பப் பயப்பட்டதுதான் பிழை. இந்த மேலிடத்தின் பெரிய சறுக்கல்கள் எல்லாவற்றிலும் நான் கண்டது அந்தப் பயம்தான்.

அதே மார்கழியில் ஜப்பான் நட்சத்திரம் ஓட்டானிக்குப் பின்னால் ஓடினார்கள். அவர் ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று பொய்ச் செய்தி பரவி, சனம் அந்த விமானத்தை இணையத்தில் பின்தொடர்ந்தது. அவர் 700 மில்லியன் டொலருக்கு லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸுக்குப் போனார். அடுத்த வருசம் ஹுவான் சோட்டோவுக்குப் பின்னால் ஓடினார்கள், அவர் நியூயோர்க் மெற்ஸுக்குப் போனார். இடையில் 2024-இல் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். எட்டாத பழத்துக்கு எல்லாக் காசையும் நீட்டிக்கொண்டு, மடியில் வளர்த்த பெடியனோடு ஒப்பந்தம் எழுத ஆறு வருசம் இழுத்தடித்தார்கள். விளாடிமிர் கெரெரோ ஜூனியரைச் சொல்கிறேன். தகப்பன் மொன்றியல் எக்ஸ்போஸுக்கு ஆடினது உனக்கு ஞாபகம் இருக்கும். மகன் மொன்றியலில் பிறந்தவன், பதினாறு வயதில் எங்கள் அணியோடு சேர்ந்தவன். இந்த வருசம் பெப்ரவரியில் அவன் வைத்த கெடுவும் தாண்டிப்போக, இவனும் போகப்போகிறான் என்று நான் மனதைத் தேற்றத் தொடங்கிவிட்டேன். ஏப்ரலில் எழுதினார்கள். 14 வருசம், 500 மில்லியன் அமெரிக்க டொலர்.

அதோடு காற்று மாறியது. காசு மட்டும் காரணம் இல்லை. டேவிட் பொப்கின்ஸ் என்று ஒரு புது பற்றிங் கோச்சைக் கொண்டுவந்தார்கள், அதுக்கு முந்தின வருசம் மினசோட்டா வேலையால் நிற்பாட்டின ஆள். எல்லா அணியும் ஹோம் ரன்னுக்கு விசுக்கி, மூன்று ஸ்ட்ரைக் விழுந்து (ஸ்ட்ரைக் அவுட்) வெளியே போகிற இந்தக் காலத்தில், எங்கள் பெடியள் பந்தில் மட்டையைப் படவைக்கப் பழகினார்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் பந்தைக் கோட்டுக்கு வெளியே ஃபவுல், ஃபவுல், ஃபவுல் என்று தட்டித் தட்டிப் பந்து வீசுகிறவரைக் களைக்கப் பண்ணுவார்கள். எர்னி கிளெமென்ற், அடிசன் பார்ஜர், டேவிஸ் ஷ்னைடர் என்று முந்தி ஒருவரும் பெரிதாகக் கவனிக்காத பெடியள். மேஜர் லீக்கிலேயே மிகக் கூடிய பற்றிங் சராசரி .265, எங்கள் அணியுடையது. 94 வெற்றியோடு பிரிவில் முதலிடம். போன வருசம் .220 அடித்து, இனி இவர் முடிந்தார் என்று எல்லாரும் கைவிட்ட ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் .309 அடித்தார்.

ஸ்பிரிங்கரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேணும். தீபாவளி இரவு, ஒக்ரோபர் 20. வீடு நிறையச் சனம், பலகாரத் தட்டு மேசையில், ஆம்பிளையள் பெம்பிளையள் எல்லாரும் ரிவிக்கு முன்னால். வேள்ட் சீரிஸுக்குப் போக வெல்லவேண்டிய தொடரில் சியாற்றிலோடு ஏழாவது, கடைசி ஆட்டம், 3–1 என்று பின்னுக்கு நிற்கிறோம். ஏழாவது இன்னிங்ஸில் பார்ஜர் வோக், கைனர்-ஃபலேஃபா ஒரு சிங்கிள், ஹிமேனெஸ் பண்ட் பண்ணி, அதாவது பந்தை மெல்லத் தட்டித் தான் அவுட்டாகி, இரண்டு பேரையும் முன்னுக்கு நகர்த்தினார். சியாற்றில் மனேஜர் தன் கையிலிருந்த மிகச் சிறந்த ஆள் முன்யோஸைக் கூப்பிடாமல் பஸார்டோவை அனுப்பினார். ஸ்பிரிங்கர் இடப்பக்கம் தூக்கி அடித்தார். மூன்று ஓட்டம், 4–3. என் வீட்டில் எழும்பின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவன் தன் முற்றத்தில் நின்று கத்தினது கேட்டது. 1993-க்குப் பிறகு முதல் முறையாக வேள்ட் சீரிஸ்.

இனி நீ கேட்ட கேள்விக்கு, டொட்ஜர்ஸோடு ஆடின வேள்ட் சீரிஸுக்கு வருகிறேன். கந்தசஷ்டி நேரம் நடந்த பதினெட்டு இன்னிங்ஸ் ஆட்டத்தையும், ட்ரே யெசவேஜ் என்ற புதுப் பெடியன் டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினதையும் நேரில் வரும்போது சொல்கிறேன். ஆறாவது ஆட்டத்தின் கடைசியைச் சொன்னால்தான் ஏழாவது விளங்கும். 3–1 பின்னுக்கு, ஒன்பதாவது இன்னிங்ஸ். பார்ஜர் அடித்த பந்து மதிலின் அடி மெத்தைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. விதிப்படி இரண்டு பேஸ்தான், ஓடி வந்திருக்கவேண்டிய ஓட்டம் எண்ணப்படவில்லை. கிளெமென்ற் அவுட். பிறகு ஹிமேனெஸ் அடித்த பந்தை இடப்பக்கம் இருந்து ஓடிவந்து கீக்கே ஹெர்னாண்டெஸ் பிடித்து, அப்படியே இரண்டாம் பேஸுக்கு எறிய, முன்னுக்கு ஓடிவிட்ட பார்ஜரால் திரும்பி வர முடியவில்லை. ஒரே அடியில் இரண்டு அவுட். ஆட்டம் முடிந்தது.

அடுத்த நாள், நவம்பர் 1, சனிக்கிழமை. மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புகிற இரவு. போ பிஷெற் முழங்கால் காயத்தோடு இரண்டு மாதம் நடக்கவே கஷ்டப்பட்ட பெடியன். மூன்றாவது இன்னிங்ஸில் ஓட்டானியின் பந்தை நடுமைதானத்துக்கு மேலால் அடித்து மூன்று ஓட்டம் எடுத்தான். நாற்பத்தொரு வயது மக்ஸ் ஷெர்சர் பந்து வீசி அந்த முன்னிலையைக் காத்துக் கொடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4–3. இரண்டே அவுட் தேவை. டொட்ஜர்ஸின் ஒன்பதாவது ஆட்டக்காரன் மிகேல் ரோஹாஸ், ஹோம் ரன்னுக்குப் பேர் எடுத்த ஆளே இல்லை, ஜெஃப் ஹொஃப்மனின் பந்தை இடப்பக்க மதிலுக்கு மேலால் அனுப்பினான். சமன். அது ஒருவரின் பிழையும் இல்லை. விளையாட்டு அப்படித்தான்.

எங்கள் முறை வந்தது. பிஷெற் ஒரு சிங்கிள் அடித்தான். முழங்கால் ஏலாததால் அவனை வெளியே எடுத்து கைனர்-ஃபலேஃபாவை ஓட விட்டார்கள். ஒரு அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்றாம் பேஸில் கைனர்-ஃபலேஃபா. எங்கள் வார்ஷோ நிலத்தோடு அடித்த பந்து ரோஹாஸிடம் போனது. அவன் தடுமாறி, சரிந்தபடியே, ஓட்டம் முடிகிற ஹோம் பிளேற்றுக்கு எறிந்தான். கேட்ச்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேற்றில் பட்டதும் கைனர்-ஃபலேஃபாவின் கால் வந்ததும் ஒரு கண்ணிமைப்புக்குள். வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அவுட் என்றார்கள். கைனர்-ஃபலேஃபா பேஸை விட்டு ஒரு எட்டு முன்னுக்கு நின்றிருந்தால் முப்பத்திரண்டு வருச வறட்சி அதோடு முடிந்திருக்கும்.

ஏன் பேஸை ஒட்டி நின்றார்? அப்படித்தான் நிற்கச் சொன்னார்கள் என்று அவரே பிறகு சொன்னார். முதல் நாள் பார்ஜர் பிடிபட்ட காட்சி எல்லாரின் கண்ணிலும் இருந்திருக்கும். நேராக அடிபட்ட பந்து பிடிபட்டால், மூன்றாம் பேஸை விட்டுத் தூர நிற்கிறவனும் சேர்ந்து அவுட் ஆகலாம். அதனால் அந்த உத்தரவில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதே நேரம் பெரியோஸிடம் பந்தை வாங்கின அதே கை அதிலும் இருந்தது என்று எனக்குப் படுகிறது. நடக்கக்கூடிய கெட்டதுக்குப் பயந்து, கையில் இருந்த நல்லதை நழுவவிட்டது.

பதினோராவது இன்னிங்ஸில் ஸ்மித், எங்கள் பந்துவீச்சாளர் பீபரின் பந்தை ஹோம் ரன் அடித்தார். எங்கள் பக்கம் கெரெரோ முதல் ஆளாக வந்து டபுள் அடித்து இரண்டாம் பேஸில் நின்றான். அடுத்தது பிஷெற்றின் இடம். ஆனால் பிஷெற் இல்லை. கைனர்-ஃபலேஃபா பண்ட் பண்ணி கெரெரோவை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். ஒரு ஓட்டம் பின்னுக்கு நிற்கும்போது சும்மா ஒரு அவுட்டைக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. தீபாவளி இரவில் பண்ட் பலித்தது ஸ்பிரிங்கர் அடுத்து நின்றபடியால். முதல் நாள் வீசின களைப்போடு டொட்ஜர்ஸின் யமமோற்றோ திரும்ப வந்து வீசிக்கொண்டிருந்தார், அவரை அடிக்க விட்டிருக்கவேணும். பார்ஜருக்கு வோக், கேர்க் அடித்த பந்து முகி பெற்ஸிடம், இரட்டை அவுட். 5–4.

அப்ப மேலிடத்தின் பிழையோ என்றால்: தோல்விக்கு அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த ஏழாவது ஆட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்கள்தான், அதை மறைக்கிறது அநியாயம். மனேஜர் ஷ்னைடர் அந்தப் பெடியளை ஒரு குடும்பமாக வைத்திருந்தார். பீபர் இந்த மாதம் எடுத்த முடிவைப் பார். வெளியே போனால் கூடக் காசு கிடைக்கும் என்று எல்லாரும் சொன்ன நேரம், 16 மில்லியனுக்கு இங்கேயே அடுத்த வருசமும் நிற்கிறேன் என்றார். கடைசி ஹோம் ரன்னைக் கொடுத்தது அவர்தான். அந்த ஆளே திரும்பி வர விரும்புகிற இடமாக அணியை ஆக்கியிருக்கிறார்கள்.

என் கவலை முழுக்க இப்ப பிஷெற். ஒப்பந்தம் முடிந்து நிற்கிறான். 2016-இல் எடுத்து வளர்த்த பெடியன். கெரெரோவோடு ஒன்றாகச் சின்ன லீக்குகளில் பஸ் ஏறித் திரிந்து, 2019-இல் இரண்டு பேரும் ஒரே வருசம் மேலே வந்தவர்கள். இந்த வருசம் .311. அவனால் முந்தி மாதிரி இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில், ஷோர்ட்ஸ்டொப்பில் நின்று ஆட ஏலாது, முழங்கால் எப்படி நிற்கும் என்று தெரியாது, முப்பத்தைந்து வயதில் இந்தக் காசுக்கு என்ன பெறுமதி என்றெல்லாம் அந்த அலுவலகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். போடட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் ஒற்றைக் காலில் நின்று ஓட்டானிக்கு அடித்த பெடியனை அந்தப் பயத்துக்காக வெளியே விட்டால், 2023-இல் இருந்து ஒன்றும் படிக்கவில்லை என்றுதான் நான் எடுப்பேன். இரண்டாம் பேஸில் நிற்கட்டும். இந்த வேள்ட் சீரிஸில் நின்றான்தானே.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. கில்லிக்காக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று உன்னிடம் கேட்கவேணும் போல இருக்கு. அந்தக் காலத்து வாங்கல் விற்றல் எல்லாம் என்னை விட உனக்குத்தான் வடிவாகத் தெரியும். கலியாணத்துக்கு நாங்கள் வந்தால் சின்னவனையும் கூட்டிக்கொண்டு வருவோம். உன் மருமகன் கிரிக்கெற் விசரன் என்று எழுதியிருந்தாய், அவனுக்கு ஏழாவது ஆட்டத்தை முழுக்கப் போட்டுக் காட்டப்போகிறானாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

அன்புடன்,
குலம்