யாரும் படிக்கலன்னு எழுதுறத நிறுத்திட்ட புரோகிராமர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

சொந்தமா ஒரு பக்கம் வச்சு அதுல கோட் பத்தியும் டேட்டாபேஸ் பத்தியும் ஏஐ மாடல் பத்தியும் எழுதிட்டு இருந்து, இப்ப கொஞ்ச காலமா எழுதாம விட்டுட்ட எல்லாருக்கும்தான் இந்த மடல். இன்னும் எழுதிட்டு இருக்கிறவங்களும் படிங்க, உங்ககிட்ட கேக்கவும் ரெண்டு மூணு விஷயம் இருக்கு.

பல பக்கங்கள்ல வர்ற புது போஸ்ட்டை ஒரே இடத்துல கொண்டு வந்து காட்டுற என் ஃபீட் ரீடர்ல 140 ஃபீட் இருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே தனி ஆளுங்க எழுதுறது. போன வாரம் ஒரு நாள் உக்காந்து ஒவ்வொண்ணுலயும் கடைசியா எப்ப போஸ்ட் வந்துச்சுன்னு பார்த்துட்டே வந்தேன். 47 பேர் ஒரு வருஷத்துக்கு மேல எதுவுமே எழுதல. அதுல சில பேர் போறதுக்கு முன்னாடி காரணம் சொல்லிட்டுப் போயிருக்காங்க, எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. யாரும் படிக்கிற மாதிரி தெரியல, இப்ப எல்லாரும் சாட்பாட் கிட்ட கேட்டுக்கிறாங்க, அப்புறம் நான் எழுதி என்ன ஆகப்போகுது. படிச்சதும் மனசு ரொம்ப கஷ்டமா போச்சு, ஏன்னா அந்த 47 பேர் எழுதுனதையும் நான் வருஷக்கணக்கா ஒண்ணு விடாம படிச்சிருக்கேன், ஆனா ஒருத்தர்கிட்டக் கூட நான் படிக்கிறேன்னு சொன்னதே இல்ல.

அதனால முதல்ல அந்த யாரும் படிக்கலங்கிற கணக்கையே எடுத்துக்குவோம். நீங்க எத வச்சு அப்படிச் சொல்றீங்க? உங்க பக்கத்துல ஒரு கவுண்ட்டர் ஸ்கிரிப்ட் போட்டிருப்பீங்க, யாராவது பிரவுசர்ல பக்கத்தைத் திறந்தா அது ஓடும், ஒண்ணு கூட்டிக்கும். நான் அந்தப் பக்கத்துக்கு வர்றதே இல்லையே. என் ரீடர் உங்க ஃபீட் ஃபைலை, அதாவது உங்க புது போஸ்ட்டுங்க இருக்கிற பட்டியலை, மட்டும்தான் எடுக்குது, அது வெறும் எக்ஸ்எம்எல், அதுல எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது. நீங்க ஃபீட்ல முழு போஸ்டையும் போடுற நல்ல மனுஷனா இருந்தா நான் முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், கோட் உட்பட, படிச்சு முடிச்சிருப்பேன், உங்க கவுண்ட்டர்ல மட்டும் பூஜ்யம்தான் இருக்கும்.

ஒரு தடவை யார் யார் எப்ப வந்தாங்கன்னு பதிஞ்சு வைக்கிற உங்க சர்வரோட ஆக்சஸ் லாகைத் திறந்து ஃபீட் ஃபைலோட பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க. மணிக்கு மணி தவறாம வரிசையா வரி வரியா வந்திருக்கும், நிறைய வரியில 304-ன்னு இருக்கும். அது எரர் இல்லைங்கிறது உங்களுக்கே தெரியும்: போன தடவை வாங்கினதுக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கான்னு ரீடர் கேக்குது, இல்லப்பா ஒண்ணும் மாறலன்னு சர்வர் சொல்லி அனுப்புது. ஒவ்வொரு 304-க்குப் பின்னாடியும் புதுசா ஏதாவது எழுதிட்டீங்களான்னு கேட்டு வந்து நின்ன ஒரு ஆள் இருக்கான். சில வரியில ஆள் ஒருத்தன் கூட இல்ல, பல பேர். ஃபீட்லி மாதிரி சர்வீஸ் எல்லாம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவைதான் வந்து எடுத்துட்டுப் போகும், ஆனா போறப்ப வந்தது யாருன்னு சொல்ற யூசர் ஏஜென்ட் வரியிலயே இத்தனை சப்ஸ்கிரைபர் எங்ககிட்ட இருக்காங்கன்னு எண்ணிக்கையை எழுதிட்டுப் போகும். அந்த நம்பரைப் பார்க்காமயே கடையைச் சாத்திட்டுப் போனவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இந்த ஃபீடை எழுதுற ஆர்எஸ்எஸ்ங்கிற வடிவமே செத்துப் போச்சேன்னு சொல்லுவீங்க. 1999-ல நெட்ஸ்கேப்ல பிறந்தது, 2002-ல 2.0 வந்துச்சு, அதே வேலையைச் செய்யுற ஆட்டம்ங்கிற (Atom) இன்னொரு வடிவம் 2005-ல முறையான ஸ்டாண்டர்ட் ஆச்சு. கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடுனாங்க, ஃபயர்ஃபாக்ஸ் 2018 டிசம்பர்ல 64-ஆவது வெர்ஷன்ல ஃபீட் காட்டுறதையே எடுத்துட்டாங்க. அதெல்லாம் நடந்ததுதான். ஆனா மூடுனது படிக்கிற கருவிகளைத்தான், ஃபீட் அது பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்கு. பாட்காஸ்ட் உலகம் இன்னைக்கும் அதே ஆர்எஸ்எஸ் மேலதான் நடக்குது, வேர்ட்பிரஸ்ல நீங்க ஒண்ணும் செய்யாமலே ஃபீட் தன்னால உருவாகுது. இதுல எனக்குப் பிடிச்சதே என்னன்னா நான் யாரைப் படிக்கணும்னு நடுவுல ஒரு கம்பெனி உக்காந்து முடிவு பண்றது கிடையாது, வந்த வரிசையில வருது, படிச்சு முடிச்சா முடிஞ்சுது, அவ்வளவுதான்.

சரி, நீங்க எழுதுனது என்ன பண்ணுச்சுன்னு ஒரு விஷயம் சொல்றேன். 2021-ல ஏஐ மாடலைப் பழக்குற பைடார்ச்சும் (PyTorch) எண்களைக் கையாளுற நம்பையும் (NumPy), இந்த ரெண்டு லைப்ரரியையும் சேர்த்துப் பயன்படுத்துறதுல இருக்கிற ஒரு தப்பைப் பத்தி ஒருத்தர் தன்னோட சொந்தப் பக்கத்துல எழுதினார். படங்களை மாடலுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கண்டபடி வெட்டி, திருப்பி, கொஞ்சம் மாத்திக் கொடுப்போம் இல்லையா, மாடல் மனப்பாடம் பண்ணிடக் கூடாதுன்னு. அந்த வேலையை நாலஞ்சு வொர்க்கர் பிராசஸ் பிரிச்சுப் பண்ணும். ஒரு பிராசஸ்ல இருந்து இந்த வொர்க்கருங்க நகலா பிரியுறப்ப (ஃபோர்க்) நம்பையோட ரேண்டம் நிலையும் அப்படியே காப்பி ஆயிடுது, அதனால எல்லா வொர்க்கரும் ஒரே எண்களைத்தான் ரேண்டம்னு எடுத்துக் கொடுக்குது, அது போதாதுன்னு ஒவ்வொரு எபாக்குக்கும் (டேட்டா முழுசையும் ஒரு சுத்து ஓட்டுறது) மறுபடி அதே இடத்துல இருந்து ஆரம்பிக்குது. எரர் வராது. வார்னிங் வராது. மாடலோட தப்பை அளக்குற லாஸ் அழகா இறங்கும். ரிசல்ட் மட்டும் இருக்க வேண்டியதை விட கொஞ்சம் குறைவா இருக்கும், அது ஏன்னு யாருக்கும் தெரியாது. அவர் கிட்ஹப்ல இருந்து ஏகப்பட்ட ரெப்போவை எடுத்து அலசிப் பார்த்து, இந்த மாதிரி எழுதுன புராஜெக்ட்ல 95 சதவீதத்துக்கு மேல இந்தத் தப்பு இருக்குன்னு காட்டினார்.

அதை நான் ஒரு ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி சும்மா ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கிறப்பதான் பார்த்தேன், பார்த்ததும் எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து என் கோட்ல வொர்க்கர் ஐடியையும் அது எடுத்த ரேண்டம் எண்ணையும் பக்கத்துல பக்கத்துல பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன். 0-க்கு 37, 1-க்கு 37, 2-க்கு 37, 3-க்கும் 37. அந்த நாலு வரியை நான் இன்னும் மறக்கல. ரெண்டு மாசமா ஓட்டிட்டு இருந்த எக்ஸ்பெரிமென்ட் அது, எத்தனை தடவை லேர்னிங் ரேட்டை மாத்தி மாத்திப் பார்த்திருப்பேன். ரேண்டம் எண் எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்ற வொர்க்கர் சீடை ஒழுங்கா வைக்க ஒரு சின்ன ஃபங்ஷன் போதும்னும் அதே போஸ்ட்ல இருந்துச்சு. அப்புறம் பைடார்ச் 1.9 வெர்ஷன்ல லைப்ரரியிலேயே சரி பண்ணிட்டாங்க.

இதை எந்த டாக்குமென்டேஷன் எனக்குச் சொல்லியிருக்கும்? டாக்குமென்டேஷன் எல்லாம் சரியா நடந்தா எப்படி நடக்கும்னு சொல்லும். ரிசர்ச் பேப்பர் கடைசியில வந்த நம்பரைச் சொல்லும். ரெண்டு நாள் எங்க போய் மாட்டுனேன், எதை நினைச்சு எதைத் தேடினேன், கடைசியில அது எவ்வளவு அற்பமான காரணமா இருந்துச்சுன்னு நீங்க மட்டும்தான் எழுதுறீங்க. எனக்கு அதுதான் வேணும்.

பெரிய விஷயங்களும் இப்படித்தான் வந்திருக்கு. இன்னைக்கு சாட்பாட்டுங்களுக்கு அடிப்படையா இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் மாடலோட பேப்பர் 2017-ல வந்துச்சு, ஆனா அதைப் படிச்சுப் புரியாம முழிச்சுட்டு இருந்த ஏகப்பட்ட பேருக்குப் புரிய வச்சது ஜே அலமார் 2018-ல தன்னோட பக்கத்துல கலர் கலரா கட்டம் போட்டு எழுதுன ஒரு விளக்கம். பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்னு இன்னைக்கு எல்லா செக்யூரிட்டி டீமும் சொல்லுதே, ஏஐக்குப் போற டெக்ஸ்ட்ல திருட்டுத்தனமா கட்டளையை நுழைக்கிறது, அந்தப் பேரை வச்சது 2022 செப்டம்பர்ல சைமன் வில்லிசன், அதுவும் அவர் 2002-ல இருந்து எழுதிட்டு வர்ற சொந்த பிளாக்லதான். 2002-ல பால் கிரஹாம் ஸ்பேம் மெயிலைப் பேய்ஸ் (Bayes) நிகழ்தகவுக் கணக்கு வச்சு எப்படிப் பிடிக்கலாம்னு எழுதுனதும் இதே மாதிரி ஒரு தனி ஆள் பக்கத்துல வந்ததுதான், அதுக்கப்புறம் எத்தனையோ ஸ்பேம் ஃபில்டர் அந்த வழியிலதான் வந்துச்சு. இவங்களைச் சொல்றதால இவங்க அளவுக்கு எழுதுனாதான் மதிப்புன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு அதிகமா உதவுனது பத்து வரி போஸ்ட்டுங்கதான்: இந்த எரர் வந்துச்சு, காரணம் இது, இதைப் பண்ணேன், சரியாச்சு.

இப்ப சாட்பாட் விஷயத்துக்கு வர்றேன். நானும் அதுகிட்டக் கேக்குறேன், தினமும் கேக்குறேன், அதை மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கு அந்தப் பதில் எங்க இருந்து வந்துச்சு? நீங்களும் உங்கள மாதிரி ஆயிரக்கணக்கான பேரும் பக்கம் பக்கமா எழுதி வச்சதுல இருந்துதான். போன மாசம் ஒரு லைப்ரரியோட புது வெர்ஷன்ல ஒரு பாராமீட்டரோட பேரை மாத்திட்டாங்க, மாடல் திரும்பத் திரும்ப பழைய பேரையே எழுதிக் கொடுக்குது, நான் தப்புன்னு சொன்னா மன்னிப்புக் கேட்டுட்டு இல்லாத ஒரு பேரைப் புதுசா எழுதுது. பிரச்சனை என்னன்னு தெரிஞ்சது அந்த வெர்ஷனுக்கு மாறி அடிபட்ட ஒருத்தர் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எழுதுன சின்ன போஸ்ட்லதான். அவரும் எழுதியிருக்கலன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது, நாளைக்கு வரப்போற மாடலுக்கும் தெரிஞ்சிருக்காது.

அதனால எழுதுறப்ப தயவுசெஞ்சு தேதியைப் போடுங்க, எந்த வெர்ஷன்ல பார்த்தீங்கன்னும் ஒரு வரி போடுங்க. தேடல்ல பழசா தெரியக் கூடாதுன்னு சில பேர் தேதியை எடுத்துடறாங்க. நம்ம துறையில அது படிக்கிறவனுக்குப் பண்ற துரோகம்னுதான் நான் சொல்லுவேன், 2016-ல சரியா இருந்த ஒரு கமாண்டை இன்னைக்கு ஓட்டுனா டேட்டா போயிடற மாதிரி எல்லாம் இருக்கு.

இன்னொண்ணு, போஸ்ட்டை ஏஐ-ய எழுத வைக்காதீங்க. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்க, தப்பா ஏதாவது சொல்லிட்டேனான்னு கேளுங்க, அதெல்லாம் சரி. ஆனா முழுசா அதுவே எழுதுறப்ப அந்த ரெண்டு நாள் அலைச்சல் காணாமப் போயிடுது, ஏன்னா அது அலையல. எனக்கு உங்க இங்கிலீஷ் சரியில்ல, வாக்கியம் கோணலா இருக்குங்கிறதெல்லாம் ஒரு குறையே இல்ல. பழைய போஸ்ட்ல எல்லாம் மேல ஒரு திருத்தம் போட்டிருப்பீங்க, கீழ சொன்ன மூணாவது காரணம் தப்பு, ஒரு வாசகர் சொன்னாருன்னு. அந்தத் திருத்தத்தைப் பார்த்துதான் மத்ததையும் நம்புறேன்.

ஏஐ கம்பெனிகளோட கிராலர், அதாவது பக்கங்களைத் தானா அள்ளிட்டுப் போற புரோகிராம், வந்து சர்வரைப் போட்டு அடிக்குது, பேண்ட்வித் காலியாகுதுன்னு நிறைய பேர் இப்ப பாட் தடுப்புப் போடுறீங்க. உங்க கோபம் நியாயம்தான், பாட் எதை எடுக்கலாம் எடுக்கக் கூடாதுன்னு சொல்ற ரோபாட்ஸ் ஃபைல்ல வேண்டாம்னு எழுதி வச்சும் கேக்காம உள்ள வந்தா வேற என்ன பண்ண முடியும். ஆனா அந்தத் தடுப்பு நீ மனுஷனான்னு காட்டுன்னு ஃபீட் ரீடரையும் கேக்குது, ரீடரால அதுக்குப் பதில் சொல்ல முடியாது, அனுமதி இல்லன்னு 403 வாங்கிட்டுத் திரும்பிடுது. என் லிஸ்ட்ல ஒன்பது ஃபீட் இப்படித்தான் சிவப்பாயிடுச்சு. நீங்க வழக்கம் போல எழுதிட்டு இருக்கீங்க, எங்களுக்கு வந்து சேரல, வாசகர் குறைஞ்சுட்டாங்கன்னு நீங்க நினைச்சுக்கிறீங்க. ஃபீட் ஃபைலோட முகவரியை மட்டும் அந்தத் தடுப்புல இருந்து விலக்கி விடுங்க, அது ஒரு வரி ரூல்தான்.

இனிமே எழுதவே முடியாதுன்னு முடிவு பண்ணவங்களும் இருப்பீங்க, குடும்பம், வேலை, உடம்பு, எதுவா இருந்தாலும் அது உங்க இஷ்டம், அதுல கேள்வி கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா எழுதுனத அழிக்காதீங்க. 2013-ல இருந்த வெப் பக்கங்கள்ல 38 சதவீதம் 2023-ல இல்லன்னு பியூ ரிசர்ச் சென்டர் 2024-ல கணக்கெடுத்துச் சொன்னாங்க. டேட்டாபேஸ் வச்சு ஓட்டுறது பாரம்னா எல்லாத்தையும் வெறும் எச்டிஎம்எல்லா மாத்திப் போட்டுடுங்க, அதுக்குப் பராமரிப்பே தேவையில்ல. டொமைனைக் கைவிடுறதா இருந்தா அதுக்கு முன்னாடி பழைய வெப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல எல்லாப் பக்கமும் பதிஞ்சிருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

எங்க மேலயும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். இத்தனை வருஷம் வாங்கிட்டே இருந்தோம், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. அந்த 47 பேர்ல ஈமெயில் கொடுத்திருந்த பதினோரு பேருக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதினேன், எந்த போஸ்ட் எந்த நாள் எனக்கு எப்படி உதவுச்சுன்னு. மூணு பேர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. அதுல ஒருத்தர், ஒரு மெமரி லீக்கை நாலு மாசம் துரத்துன கதையைப் பாதி எழுதி டிராஃப்ட்ல வச்சிருக்காராம், ரெண்டு வருஷமா கிடக்குதாம், யாருக்கு வேணும்னு விட்டுட்டாராம். எனக்கு வேணும்னு அன்னைக்கே பதில் போட்டேன். முடிச்சுப் போடுறேன்னு சொல்லியிருக்கார்.

அவரோட ஃபீடை என் ரீடர் மணிக்கு ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வருது. இப்ப வரைக்கும் 304தான்.

இப்படிக்கு,
உங்க வாசகன்